ஓடும்போது திறக்குற மூக்கு வீட்டுக்கு வந்ததும் ஏன் அடைக்குது: பெங்களூர் ட்ரெயிலும் அலர்ஜி சீசனும்

பெங்களூர்ல வார இறுதியில ட்ரெயில் ஓடுற நம்ம ஆளுங்க யார்கிட்ட பேச்சு கொடுத்தாலும் இந்தக் கதை வரும். காட்டுக்குள்ள ஓடும்போது ஒண்ணும் தெரியாது, மூக்கு ஃப்ரீயா இருக்கும், மூச்சு தாராளமா போகும், ஆனா ஓடி முடிச்சு தர்ஷினியில, அதான் நின்னுக்கிட்டே சாப்பிடுற அந்தச் சின்ன ஹோட்டல்ல, இட்லி வடை சொல்லிட்டு நிக்கிற நேரத்துக்கு முதல் தும்மல் வரும், சாயங்காலம் கண்ணு அரிக்கும், ராத்திரி ஒரு பக்க மூக்கு முழுசா அடைச்சுக்கும், திங்கக்கிழமை ஆபீஸ் கால்ல "என்ன சார், சளியா"ன்னு கேப்பாங்க. ஏன் இப்படின்னு கேட்டா பனி, காலையில குளிர் காத்து, வேர்வை காயறதுக்குள்ள குடிச்ச ஜில் தண்ணின்னு ஆளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க, ஊர்ல அம்மாகிட்ட சொன்னா "அந்தப் பனியில தலைய மூடாம ஏன்டா ஓடுற"ன்னு திட்டு விழும். ட்ரெயில் மேல மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது, அங்க இருந்த வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு.

அங்கதான் விஷயமே இருக்கு. நல்லா இருந்த மாதிரி தெரிஞ்சதுக்கு காரணம் ஓட்டம்தான். மூக்குக்குள்ள இருக்கிற சவ்வு முழுக்க ரத்தக்குழாய், அது வீங்கினா அடைப்பு, சுருங்கினா திறப்பு. நாம ஓட ஆரம்பிச்சதும் உடம்பு அட்ரினலின் பக்கம் சாயுது, மூக்குல இருக்கிற ரத்தக்குழாய் சுருங்குது, சில நிமிஷத்துல மூக்கு திறந்துடுது. அலர்ஜி இருக்கிறவங்களுக்கும் இதேதான், அதனால "ஓடினா எனக்கு சைனஸ் சரியாகுது"ன்னு சொல்றவங்க பொய் சொல்லல, அந்த நேரத்துக்கு அது நிஜம். ஓட்டம் நின்னு அரை மணி நேரம் போனா அந்த எஃபெக்ட் போயிடும், ஆனா இவ்வளவு நேரம் காத்தோட உள்ள இழுத்த, அலர்ஜிய கிளப்புற மகரந்தம் எல்லாம் அங்கேயேதான் இருக்கு.

எவ்வளவு இழுத்திருப்போம்னு பாருங்க. சும்மா உக்காந்திருக்கும்போது நிமிஷத்துக்கு சுமார் 6லிருந்து 8 லிட்டர் காத்து போதும். நந்தி பெட்டா மலையில மேல ஏறும்போது மூச்சு வாங்குதே, அப்போ சாதாரண ரன்னருக்கே 80, 100 லிட்டர் வரைக்கும் போகும். அதோட நிமிஷத்துக்கு சுமார் 35, 40 லிட்டர் தாண்டினதும் பெரும்பாலான பேர் மூக்கு பத்தாம வாயாலயும் மூச்சு விட ஆரம்பிச்சுடுவாங்க. மூக்கு செய்யுற மூணு வேலை, வடிகட்டுறது, சூடாக்குறது, ஈரப்படுத்துறது, மூணுமே வாய் வழியா போற காத்துக்கு அரைகுறையாத்தான் நடக்கும். ஆக ஒரு மணி நேரம் ஏத்தத்துல ஓடினவன், அதே இடத்துல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தவன விட பத்து மடங்குக்கு மேல காத்த உள்ள வாங்கியிருக்கான், அதுவும் பாதி வடிகட்டாம.

அப்புறம் நேரக் கணக்கு. அலர்ஜி ரெண்டு அலையா வரும். மகரந்தம் சவ்வுல பட்டதும் மாஸ்ட் செல்லுன்னு சொல்ற செல்லுங்க ஹிஸ்டமின வெளிய விடும், அது சில நிமிஷத்துல தும்மலும் அரிப்பும் கொடுக்கும், ஓடுற வேகத்துல பல பேருக்கு இது கவனத்துக்கே வராது. ரெண்டாவது அலை நாலஞ்சு மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் நீளும், வேற வகை செல்லுங்க கூட்டமா வந்து சேர்றதால இதுல தும்மல விட அடைப்புதான் அதிகம். காலை ஆறு மணிக்கு துரஹள்ளி காட்டுல ஓடினதுக்கு மதியம் மூணு மணிக்கு பில் வருதுன்னா யாருக்கு அது காட்டோட கணக்குன்னு தோணும்? மதியம் சாப்பிட்ட தயிர் மேலதான் பழி போகும்.

இன்னொரு குழப்பம் பெங்களூருக்கு வந்து செட்டில் ஆன நம்மவங்களுக்கு. சேலத்துலயோ மதுரையிலயோ இருந்த வரைக்கும் எதுவும் இல்ல, இங்க வந்து முதல் ஒண்ணு ரெண்டு வருஷமும் எதுவும் இல்ல, அதுக்கப்புறம் ஆரம்பிக்கும், "பெங்களூர் க்ளைமேட் ஒத்துக்கல"ன்னு சொந்தக்காரங்க தீர்ப்பு சொல்லிடுவாங்க. க்ளைமேட் நேரடியா எதுவும் பண்றதில்ல. ஒரு புது மகரந்தத்த முதல் தடவை பாத்த உடனே உடம்புக்கு அலர்ஜி வராது, அதுக்கு எதிரா ஐஜிஈங்கிற ஆன்டிபாடிய தயார் பண்ணி வெச்சுக்க சீசன் சீசனா பழகணும், 1960கள்லதான் இந்த ஐஜிஈயையே கண்டுபிடிச்சாங்க. அதனால பல பேருக்கு லேட்டா ஆரம்பிக்கிறது இயல்பு. நீங்க ரோட்ட விட்டு ட்ரெயிலுக்கு மாறி ரெண்டு சீசன் கழிச்சு தொந்தரவு தொடங்கினாலும் அதே கதைதான், பழைய பழக்கத்துல காரணம் தேடினா கிடைக்காது.

சரி, எந்த மகரந்தம்? இங்க பெரும்பாலானவங்க கை நீட்டுறது பூவப் பாத்து. ஜனவரியிலிருந்து ரோடெல்லாம் ரோஸ் கலர்ல டபேபுயா, அப்புறம் ஜகரண்டா, அப்புறம் மே மாசம் குல்மொஹர், வருஷம் முழுக்க ஏதாவது ஒண்ணு பூத்துக்கிட்டே இருக்கணும்னு 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல லால்பாக் தோட்டத்த பாத்துக்கிட்ட க்ரும்பீகல் போட்ட திட்டம்னு சொல்வாங்க, ஊரே போட்டோ எடுக்கும். ஆனா இவ்வளவு கலரா பூக்குற மரம் பூச்சியக் கூப்பிடத்தான் பூக்குது, அதோட மகரந்தம் கனமா, பிசுபிசுன்னு இருக்கும், காத்துல ரொம்ப தூரம் போகாது. நம்ம மூக்குக்கு வர்றது பெரும்பாலும் காத்த நம்பி மகரந்தம் விடுற செடிங்க, அதுக்கு கலரும் கிடையாது வாசமும் கிடையாது, ஓடும்போது கண்ணுலயே படாது. புல்லு, சவுக்கு, ஆமணக்கு, கீரை குடும்பத்துல வர்ற களைங்க, இதெல்லாம் அந்த லிஸ்ட். டபேபுயா பூக்குற நேரமும் உங்களுக்கு தும்மல் வர்ற நேரமும் ஒண்ணா இருந்தா பூ மேல சந்தேகம் வர்றது நியாயம்தான், ஆனா அதே நேரத்துல வேற என்ன மகரந்தம் விடுதுன்னும் பாக்கணும்.

எல்லாத்துக்கும் மேல பார்த்தீனியம். இத நான் கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும், ஏன்னா பெங்களூர சுத்தி ஓடுற ஒவ்வொருத்தரும் தினமும் இத உரசிட்டுப் போறாங்க, பாதி பேருக்கு அடையாளம் தெரியாது. அடுத்த தடவை ட்ரெயில் ஆரம்பத்துல ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்க. முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவுல உயரம், இலை கேரட் இலை மாதிரி வெட்டு வெட்டா சாம்பல் பச்சையில இருக்கும், தண்டுல நீள நீளமா கோடு, கைய வெச்சா மெல்லிசா ரோமம் தெரியும், உச்சியில கிளை கிளையா பிரிஞ்சு மிளகு சைஸ்ல வெள்ளைப் பூ கொத்து. ஒரு பூவ உத்துப் பாத்தா வட்டமா இருக்காது, ஓரத்துல அஞ்சு இடத்துல மட்டும் குட்டிப் பல்லு மாதிரி நீட்டிக்கிட்டு அஞ்சு மூலையா இருக்கும். லேசா தட்டினா கூட தூள் பறக்கும். இங்க ஊர்க்காரங்க காங்கிரஸ் கிடான்னு சொல்றது இதத்தான், கன்னடத்துல கிடான்னா செடி.

அமெரிக்கக் கண்டத்துச் செடி இது, இந்தியாவுல 1950களோட நடுவுல பூனா பக்கம் பரவினத கவனிச்சாங்க, அப்புறம் நாடு முழுக்க. ஒரு செடி ஆயிரக்கணக்குல விதை போடும், ஈரம் கிடைச்சா முளைச்ச நாலஞ்சு வாரத்துலயே பூக்க ஆரம்பிச்சுடும், ஈரம் இருக்கிற வரைக்கும் பூக்கும். ரன்னர்களுக்கு இது மூணு வகையில தொல்லை. மகரந்தம் மூக்குக்கும் நெஞ்சுக்கும் போகும், செடியில இருக்கிற பார்த்தெனின்ங்கிற பொருள் தோல்ல பட்டா அரிச்சு தடிக்கும், காய்ஞ்ச செடியோட ரோமமும் பொடியும் காத்துல கலந்து செடியத் தொடாதவங்களுக்கே கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்புன்னு தோல் தடிக்க வெக்கும். ஷார்ட்ஸ் போட்டு ஓடிட்டு வந்து முட்டிக்கு கீழ சிவந்துபோனா கொசுக்கடின்னு விட்றாதீங்க.

இத அழிக்கிறதுக்கான முயற்சியும் நம்ம ஊர்லயே நடந்துச்சு. மெக்ஸிகோவிலிருந்து ஸைகோக்ராமாங்கிற ஒரு வண்டு, வெளிர் நிற முதுகுல பழுப்புக் கோடு போட்டிருக்கும், அத 1983ல கொண்டுவந்து சோதிச்சு 1984ல பெங்களூர்ல வெளிய விட்டாங்க. அது மழைக்காலத்துல பார்த்தீனிய இலைய நல்லாவே தின்னும், சில இடத்துல செடி மொட்டையா நிக்கிறத நீங்களும் பாத்திருக்கலாம், ஆனா மழை போனா வண்டு மண்ணுக்குள்ள போய் தூங்கிடும், செடிக்கு எங்கயாவது கொஞ்சம் ஈரம் கிடைச்சா போதும், திரும்ப எழுந்துடும். ஊரு வளர்ற வேகமும் அதுக்குத்தான் சாதகம், ஏன்னா பார்த்தீனியத்துக்கு பிடிச்சது கலைஞ்ச மண்ணு. கனகபுரா ரோடு, எலஹங்கா பக்கமெல்லாம் லேஅவுட்டுக்குன்னு மண்ண புரட்டிப் போட்டுட்டு சைட் விக்காம காலியா கிடக்கு பாருங்க, அது முழுக்க இந்தச் செடிதான்.

இதுல ஓடுறவங்களுக்கு உபயோகமான ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. பார்த்தீனியம் வெயில் விழுற, கலைஞ்ச நிலத்துல அடர்த்தியா இருக்கும், மரம் மூடின உள்காட்டுல குறைவு. அப்போ மோசமான பகுதி காடு இல்ல, காட்டுக்குப் போற வழி. வண்டிய மெயின் ரோட்டுல விட்டுட்டு வார்ம் அப்னு சொல்லி காலி சைட் வழியா ரெண்டு கிலோமீட்டர் ஜாக் பண்ணி உள்ள போறோமே, அதத்தான் முதல்ல மாத்தணும். முடிஞ்ச வரைக்கும் உள்ள வரைக்கும் வண்டியில போய் அங்கிருந்து ஆரம்பிக்கிறது, இல்ல அந்த இடத்த நடந்து கடக்கிறது. நடந்தா உள்ள இழுக்குற காத்து ரொம்பவே குறையும்.

வெளிநாட்டு ரன்னிங் புத்தகத்துல இருக்கிற அட்வைஸ் இங்க அப்படியே ஒட்டாததுக்கும் காரணம் இருக்கு. அங்க பனிக்காலம் எல்லாத்தையும் நிறுத்தி வெக்கும், வசந்தத்துல மரம், கோடையில புல்லுன்னு சீசன் தனித்தனியா பிரிஞ்சிருக்கும், அதனால "ஸ்ப்ரிங்ல ஜாக்கிரதை"ன்னு எழுதினா போதும். பெங்களூர் 900 மீட்டர் உயரத்துல இருக்கு, உறைபனி கிடையாது, ஜூன்லிருந்து நவம்பர் வரைக்கும் ரெண்டு பருவமழையும் கொஞ்சம் கொஞ்சமா பெய்யும், அதுல செப்டம்பர்தான் கனமான மாசம். களையும் புல்லும் மழையப் பின்தொடர்ந்து பூக்கும், அதனால இங்க புல் மகரந்தத்துக்கு பெரிய சீசன் மழை விட்டு விட்டு ஓயுற செப்டம்பர், அக்டோபர், நவம்பர். ஹெசரகட்டா பக்கம் புல்வெளி இடுப்பு வரைக்கும் வளர்ந்து கதிர் ஆடுறப்போ ஓட ஆசையாத்தான் இருக்கும், காலையில வெயில் ஏறி பனி காய்ஞ்சதும்தான் அந்தக் கதிர் மகரந்தத்த உதறும். அந்த மாசங்கள்ல புல்வெளிக்கு பனி காயறதுக்குள்ள போய்ட்டு வந்துடுறது நல்லது, பனிய திட்டுற அம்மாகிட்ட இதச் சொன்னா நம்ப மாட்டாங்க. அப்புறம் டிசம்பர்லிருந்து மார்ச் வரைக்கும் காத்து காய்ஞ்சு போகும், மண் தூசி, காய்ஞ்ச பார்த்தீனியப் பொடி, சவுக்குத் தோப்பு பக்கத்துல இருந்தா அதோட மகரந்தம். நடுவுல ஜூன், ஜூலையில மக்கின இலைக்குப்பையிலிருந்து வர்ற பூஞ்சை வித்து. வீட்டுக்குள்ள மெத்தையில டஸ்ட் மைட்ங்கிற கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி வருஷம் பூரா. இதுல உங்களுக்கு எதுங்கறது உங்க நாட்காட்டியப் பாத்தாதான் தெரியும், ஓட்டத்த பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப்ல ஒவ்வொரு ரன்னுக்கும் கீழ எந்த ரூட், அன்னைக்கு சாயங்காலம் மூக்கு எப்படின்னு ஒரு வரி போட்டு வெச்சா ஒரு வருஷத்துல படம் தெளிவாயிடும்.

மழை பெஞ்சா காத்து கழுவிடும்ங்கறதும் பாதிதான் சரி. நீளமா, நிதானமா பெய்யுற மழை கழுவும். ஏப்ரல், மே மாங்கா மழை மாதிரி இடியோட திடீர்னு வர்றப்போ நடக்கிறது வேற, மகரந்தம் ஈரத்த உறிஞ்சி வெடிச்சு உள்ள இருக்கிற நுண்ணிய துகள்கள வெளிய விடும், முழு மகரந்தம் பெருசா இருக்கிறதால மூக்குலயே நிக்கும், இந்தத் துகள் நுரையீரல் ஆழம் வரைக்கும் போகும். 2016 நவம்பர் 21 அன்னைக்கு மெல்பர்ன்ல ஒரு இடிமழையோட ஆயிரக்கணக்கான பேர் மூச்சுத்திணறலோட ஆஸ்பத்திரிக்குப் போய் 10 பேர் செத்துப்போனாங்க, அதுல பல பேருக்கு அதுக்கு முன்னாடி ஆஸ்துமாவே கிடையாது, புல் மகரந்த அலர்ஜி மட்டும்தான். இங்க அதே அளவுல நடக்கும்னு சொல்ல வரல. ஆனா மூக்கு அலர்ஜி இருக்கிறவங்க இடிமழைக்கு முன்னாடி அடிக்கிற அந்தக் குளிர்ந்த காத்துல, ஆஹா சூப்பர் வெதர்னு ஷூ மாட்டிக்கிட்டு கிளம்புறத நான் மனசார வேண்டாம்னு சொல்வேன்.

நெஞ்சுப் பக்கம் வருவோம், இதுல அலட்சியம் கூடாது. மூக்கு அலர்ஜி இருக்கிற நிறைய பேருக்கு ஓட்டத்தோட சேர்ந்து மூச்சுக்குழாய் சுருங்குற பிரச்சனையும் இருக்கும். வேகமா வாயால இழுக்குற காய்ஞ்ச காத்து மூச்சுக்குழாய் சுவர காய வெக்குது, அதுல சவ்வு எரிச்சலாகி, குழாயச் சுத்தி இருக்கிற தசை சுருங்குது. இதுவும் ஓடி முடிச்ச 5லிருந்து 10 நிமிஷத்துலதான் அதிகமா தெரியும், அதுக்கப்புறம் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துல தானா தணியும். ஏத்தம் ஏறி உச்சியில நின்னு செல்ஃபி எடுக்கும்போது விடாம வர்ற வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சு விடும்போது விசில் சத்தம், இதுக்கெல்லாம் "ஸ்டாமினா பத்தல"ன்னு ட்ரெயினிங்க கூட்டிட்டே போறாங்க, பாவம். பீக் ஃப்ளோ மீட்டர்னு மெடிக்கல் ஷாப்புல ஒரு குழாய் கிடைக்கும், மூச்ச எவ்வளவு வேகமா ஊத முடியுதுன்னு அது காட்டும், விலையும் பெருசா இல்ல, ஓடுறதுக்கு முன்னாடியும் முடிச்சு பத்து நிமிஷத்துலயும் ஊதிப் பாத்து நம்பர் நல்லா குறைஞ்சிருந்தா அத எழுதி எடுத்துக்கிட்டு நுரையீரல் டாக்டர்கிட்ட போங்க. அவங்க இன்ஹேலர் எழுதிக் கொடுத்தா அத வண்டி டிக்கியில வெச்சுட்டு ஓடக் கூடாது, ஓடும்போது மாட்டிக்கிற வெஸ்ட்டுல கைக்கு எட்டுற பாக்கெட்ல இருக்கணும், சாவன்துர்கா பாறை மேல இருக்கும்போது டிக்கி ரொம்ப தூரம்.

இதுக்கு வார்ம் அப் நிஜமாவே உதவும். மெயின் ரன்னுக்கு முன்னாடி அரை நிமிஷம் வேகம், ஒரு நிமிஷம் நடைன்னு ஆறேழு தடவை பண்ணிட்டா, கிட்டத்தட்ட பாதி பேருக்கு அடுத்த ஒண்ணு ரெண்டு மணி நேரம் மூச்சுக்குழாய் அவ்வளவா சுருங்காம இருக்கும். பார்த்தீனியம் இல்லாத இடமா பாத்துப் பண்ணுங்க.

மருந்துல நம்ம ஆளுங்க பண்றது பெரும்பாலும் வந்தப்புறம் ஒரு செட்ரிசின் போட்டு தூங்குறது. செட்ரிசின் மாதிரி ஆன்டிஹிஸ்டமின் முதல் அலைய நல்லா பிடிக்கும், ரெண்டாவது அலையோட அடைப்புக்கு அவ்வளவா ஆகாது. அதுக்கு ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் மாதிரி ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான், ஆனா அது ஒரு தடவை அடிச்சா திறக்குற சமாச்சாரம் இல்ல, முழு பலன் வர ஒரு வாரம் ரெண்டு வாரம் ஆகும், அதனால உங்க சீசன் தெரிஞ்சுட்டா அதுக்கு முன்னாடியே டாக்டர கேட்டு ஆரம்பிக்கணும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, முனை நடுத்தண்டப் பாக்காம வெளிப்பக்கம் காதப் பாத்து இருக்கணும், இல்லன்னா தண்டு புண்ணாகி ரத்தம் வரும். உடனே திறக்குற ஸைலோமெட்டசோலின் வகை சொட்டு மருந்து அஞ்சு நாளுக்கு மேல வேண்டாம், அப்புறம் அதுவே அடைப்புக்கு காரணமாகும். பழைய சளி மாத்திரையில இருக்கிற க்ளோர்ஃபெனிரமின் தூக்கத்தோட வேர்வையையும் குறைக்கும், பாறையில இறங்குறவனுக்கு ரெண்டுமே ஆபத்து. ஃபெக்ஸோஃபெனடின் தூக்கம் கொடுக்கிறது குறைவு, ஆனா ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோட போட்டா உடம்புல சரியா சேராது, தண்ணியோட மட்டும். மருந்துக் கடையில கேட்ட உடனே எடுத்துக் கொடுக்கிற மான்டெலுகாஸ்ட் காம்போ மாத்திரைய மாசக்கணக்குல தானா போட்டுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, 2020ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதுக்கு மனநிலை மாற்றம், தூக்கக் கெடுதல் பத்தி தன்னோட மிகக் கடுமையான எச்சரிக்கைய சேத்துச்சு, டாக்டர் சொல்லி அவர் கண்காணிப்புல போடுங்க.

ஓடி முடிச்சப்புறம் செய்யுறதும் மருந்துக்குத் துணையா வேலை செய்யும். உப்புத்தண்ணியில மூக்கக் கழுவுறது, யோகாவுல வர்ற ஜல நேத்தி தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்ல, கொதிக்க வெச்சு ஆறின ஒரு லிட்டர் தண்ணிக்கு 9 கிராம் உப்பு, குழாய்த் தண்ணிய அப்படியே விடக் கூடாது, மூக்கு வழியா மூளைக்குப் போற அமீபா ரொம்ப அரிது ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து. டி-ஷர்ட்டையும் சாக்ஸையும் கார்லயே ஒரு கவர்ல போட்டு முடிச்சிடுங்க, சாக்ஸ் விளிம்புல மஞ்சளா ஒரு தூள் ஒட்டியிருக்கும் பாருங்க, அதோட சோபாவுல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் மூக்குக்கு விருந்துதான். தலைக்கு குளிக்கணும், முடியில இருக்கிறது நேரா தலையணைக்குப் போகும். ஷூவ வாசல்ல விடுங்க.

எது உங்களுக்கு ஒத்துக்கலன்னு உறுதியா தெரியணும்னா ஸ்கின் ப்ரிக் டெஸ்ட் இருக்கு, முன்கையில சொட்டு சொட்டா வெச்சு லேசா குத்தி 15 நிமிஷத்துல தடிப்ப அளப்பாங்க. டெஸ்டுக்கு கிட்டத்தட்ட ஒரு வாரம் முன்னாடியே ஆன்டிஹிஸ்டமின நிறுத்தணும், இல்லன்னா எதுவுமே தடிக்காம எல்லாம் நார்மல்னு வந்துடும், அதனால அப்பாயின்ட்மென்ட் போடும்போதே எந்த மாத்திரைய எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு கேட்டு வெச்சுக்குங்க. அப்படியே லிஸ்ட்ல பார்த்தீனியம் இருக்கான்னும் கேளுங்க, இல்லன்னா சேக்கச் சொல்லுங்க.